பாத்தியில் முளைத்த பார்த்தீனியம்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் மாரி தொடங்கி ஒன்றிரண்டு மழை விழுந்ததும், செம்மண் வளவில் யாரும் நடாத ஒரு கண்டு முளைக்கும். முதலில் அது நிமிர்ந்து நிற்பதில்லை. இலைகளை நாலு பக்கமும் விரித்து, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். இலை கரட் இலைபோல வெட்டு வெட்டாகப் பிரிந்திருக்கும். பார்த்தவர் “உதென்ன மாமி, செவ்வந்திக் கண்டே வைச்சிருக்கிறியள்?” என்று கேட்பார். மாமியும் அப்படித்தான் நினைத்து அதற்கும் ஒரு செம்பு தண்ணீர் விட்டிருப்பா. நாலு, ஆறு கிழமையில் நடுத்தண்டு எழும்பி, கிளை பிரிந்து, ஊசித்தலை அளவில் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்துவிடும். பூச்சாடியில் ரோசாவுக்குப் பக்கத்தில் சொருகினால் அழகாகத்தான் இருக்கும். அப்படிச் சொருகியவர்களும் உண்டு.

இந்தப் பூவை அடையாளம் காண்பது கடினமில்லை. ஒரு பூவைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கவேண்டும். நாலு மில்லிமீற்றர் அகலம்கூட இராது. அதன் விளிம்பில் ஐந்து மூலைகள் தெரியும். ஐந்துக்குக் கூடாது, குறையாது. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பூக்கள் சேர்ந்த ஒரு தலை. அந்த ஐந்து மூலைகளும் ஐந்து பெண்பூக்கள். நடுவில் நெருங்கியிருப்பவை விதை பிடிக்காதவை. தண்டைத் தடவினால் நெடுக ஓடும் வரிகளும் மெல்லிய மயிரும் கையில் படும் (தடவாமல் கண்ணால் பார்ப்பதே நல்லது, காரணம் பிறகு வரும்). மாசிபத்திரியோ என்று சந்தேகப்பட்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மாசிபத்திரி இலையின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு படர்ந்திருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் வெளிர்பச்சைதான்.

செடி தெரிந்துவிட்டது. பெயர்தான் நீண்ட கதை.

விவசாயத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரங்களில் இதன் பெயர் ‘பார்த்தீனியம்’. யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் சில நாள் ‘பார்த்தீனியம்’, சில நாள் ‘பாதீனியம்’. தோட்டத்தில் நிற்பவரிடம் கேட்டால் ‘பாத்தீனியம்’ என்பார். ரகர ஒற்று கழன்று போனதில் புதுமை ஒன்றுமில்லை. ‘பார்த்து’ என்று எழுதிவிட்டு ‘பாத்து’ என்றுதான் பேசுகிறோம். ‘சேர்த்து’ நம் வாயில் ‘சேத்து’ ஆகிறது. புத்தூர் என்ற பெயரைப் பற்றியே இப்படி ஒரு பழைய வழக்கு உண்டு. புது ஊர் ‘புத்தூர்’ ஆனதா, அல்லது புற்று இருந்த ஊர் ‘புற்றூர்’ ஆகி, காற்று ‘காத்து’ ஆனதுபோலப் பேச்சில் ‘புத்தூர்’ ஆகிவிட்டதா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். தமிழ்நாட்டுப் புத்தூர்களுக்கும் இதே வழக்குத்தான். மெய்யெழுத்துகள் பேச்சில் தேயும்போது பழைய பொருள் மறைந்து, பக்கத்தில் நிற்கும் இன்னொரு பொருள் உள்ளே வந்து குந்திக்கொள்ளும்.

பார்த்தீனியத்துக்கும் அதுவே நடந்தது. ரகரம் போனதும் அங்கே ‘பாத்தி’ தெரிய வந்துவிட்டது. வெங்காயத்துக்குப் பாத்தி கட்டுகிற ஊரில், பாத்திக்குள் முளைக்கிற களைக்குப் ‘பாத்தீனியம்’ என்று பெயர் இருந்தால் காது அதை அந்நியச் சொல்லாக எடுத்துக்கொள்ளாது. பழைய யாழ்ப்பாணத்துப் பண்டிதர் ஒருவரிடம் இந்தச் சொல் அகப்பட்டிருந்தால், பாத்தியிலே ஈனுவது பாத்தீனியம் என்று பிரித்துக் காட்டி, ஈன்றுகொண்டே இருக்கும் அதன் குணத்துக்கும் பொருத்தம் சொல்லியிருப்பார். வேர் தவறு, குணம் சரி. அந்தக் குணம் சரியாக இருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதைப் பார்க்க ஏதென்ஸ் வரை போகவேண்டும்.

கிரேக்கத்தில் ‘பார்தெனோஸ்’ என்றால் கன்னி. ஏதென்ஸ் நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவுக்கு அது அடைமொழி. அக்ரோபோலிஸ் குன்றின்மேல் அவளுக்கு எடுத்த கோயில்தான் பார்த்தினன். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமர் பிளினி, தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 22ஆம் பகுதியில் ஒரு கதை சொல்கிறார். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் கோயில் கட்டுவித்த காலத்தில், அவருக்குப் பிரியமான வேலையாள் ஒருவன் உச்சியில் ஏறி வேலை செய்கையில் தவறி விழுந்துவிட்டான். தெய்வம் பெரிக்ளீசின் கனவில் வந்து ஒரு பச்சிலையைக் காட்டிற்று. ஆள் பிழைத்தான். கன்னித் தெய்வம் காட்டிய பச்சிலை ஆகையால் ‘பார்தெனியம்’ என்று பெயராயிற்று. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கும் இந்த விபத்தைச் சொல்கிறார். பெரிக்ளீஸ் நன்றிக்கடனாக அதீனாவுக்கு வெண்கலச் சிலை வைத்தார் என்கிறார். அக்ரோபோலிஸ் வாசலுக்குப் பக்கத்தில் அந்தச் சிலையின் பீடம் இன்றும் இருக்கிறது.

ஆக, புத்தூர்த் தோட்டக்காரர் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிகிற களையின் பெயரும், உலகம் காசு கொடுத்துப் பார்க்கப் போகிற கோயிலின் பெயரும் ஒரே வேர்.

பிளினி சொன்ன பச்சிலை நம்முடைய களை அல்ல. இந்தக் களை பிறந்த அமெரிக்கக் கண்டம் அவர் அறியாத நிலம். ஐரோப்பிய மூலிகை நூல்களில் அந்தப் பெயர் பல செடிகள்மேல் அலைந்து, பெரும்பாலும் செவ்வந்திக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றின்மேல் தங்கியது. காய்ச்சலுக்கும் பெண்களின் மாதவிடாய் நோவுக்கும் கொடுத்த மருந்துச் செடி அது. அதற்கும் வெட்டிய இலை, வெள்ளைப் பூ. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் ‘தாவர இனங்கள்’ நூலை வெளியிட்டு, ஒவ்வொரு செடிக்கும் இருசொற் பெயர் வைத்தார். அப்போது பழைய கிரேக்கப் பெயரைத் தூக்கி அமெரிக்கச் செடி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். முழுப் பெயர் ‘பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ்’.

இரண்டாம் சொல்லைத் தமிழாக்கினால் ‘கருப்பை தாங்கி’. முதல் சொல் கன்னி, இரண்டாம் சொல் கருப்பை தாங்கி. கேட்க முரணாக இருக்கிறது. விளிம்பில் இருக்கும் பெண்பூக்கள் மட்டுமே காய்ப்பதைக் கன்னிப் பெயருக்குக் காரணமாகச் சொல்லும் நூல்களும் உண்டு. முன்பு எண்ணிய ஐந்து மூலைகளில் மூலைக்கு ஒரு விதை. ஒரு தலைக்கு ஐந்து. ஐந்துதானே என்று விட்டுவிடக் கூடாது. நன்றாக வளர்ந்த ஒரு கண்டில் 15,000 முதல் 25,000 வரை விதை பிடிக்கும் என்று கணக்கு. ஒவ்வொரு விதையோடும் விதை பிடிக்காத இரண்டு பூக்கள் ஒட்டிக்கொண்டு வரும்; தண்ணீரில் மிதக்கவும் காற்றில் நகரவும் அவை உதவும். பண்டிதர் ‘ஈனுவது’ என்று பிரித்திருந்தால் லின்னேயசுக்கு வெகு கிட்டப் போயிருப்பார்.

பிறந்த ஊரில் இதற்கு இத்தனை பவிசு கிடையாது. கரிபியன் தீவுகளில் ஸ்பானிய மொழி பேசுவோர் இதைக் ‘கசப்பு விளக்குமாறு’ என்பார்கள். காய்ந்த தண்டைக் கட்டினால் கூட்டலாம், வாயில் வைத்தால் கசக்கும், பெயர் முடிந்தது. பழகிய செடிக்கு மனிதர் பெயர் வைக்கும் முறை அது. நாமும் கைகால் முடங்குவதைத் தீர்க்கும் கொடியை முடக்கொத்தான் என்கிறோம். குப்பைமேட்டில் நிற்பது குப்பைமேனி. பிடித்தால் சீலையில் ஒட்டுவது ஒட்டுப்புல். பார்த்தீனியத்தின் உறவுக்காரச் செடி ஒன்று மெக்சிகோவில் இருக்கிறது, அதிலிருந்து றப்பர் எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஆசிய றப்பர் யப்பான் கைக்குப் போனபோது, அமெரிக்க அரசு அந்தச் செடியை அவசர அவசரமாகப் பயிரிட்டது. நம்மிடம் வந்தது அந்த உறவுக்காரர் அல்ல.

பிறந்த ஊரைவிட்டு வெளியே கால் வைத்ததும் பெயர் வைக்கும் முறை மாறிவிடுகிறது. செடியைப் பார்த்து வைத்த பெயர் போய், கொண்டுவந்தவனைப் பார்த்து வைத்த பெயர் வருகிறது.

இந்தியாவில் பெரும் பகுதி இதைக் ‘காங்கிரஸ் புல்’ என்று சொல்கிறது. 1955இல் புனாவில் கண்டு, அடுத்த ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பதிவு செய்தார்கள். பெயருக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். பூ காங்கிரஸ்காரர் தலையில் வைக்கும் வெள்ளைக் குல்லாய் மாதிரி இருக்கிறது என்பது ஒன்று. காங்கிரஸ் ஆட்சியில் பி.எல். 480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையோடு விதை வந்தது என்பது மற்றது. இரண்டாவது காரணம் நாடு முழுக்கப் பிரசித்தம். பாடப் புத்தகம்வரை ஏறிவிட்டது. ஆனால் தேதியை வைத்துப் பார்த்தால் இடறுகிறது. அந்தத் திட்டத்தில் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது 1956 ஓகஸ்டில். செடியைக் கண்டது அதற்கு முந்திய ஆண்டு. 1951இலேயே அமெரிக்கக் கோதுமை கடனாக வந்திருக்கிறது, ஆகவே கோதுமையில் வந்தது என்பது பொய்யாக வேண்டியதில்லை. பி.எல். 480தான் என்று கையெழுத்துப் போடத்தான் முடியாது. போதாக்குறைக்கு, 1814இல் வெளிவந்த ரோக்ஸ்பரோவின் கல்கத்தாத் தோட்டத் தாவரப் பட்டியலிலேயே இந்தச் செடியின் பெயர் இருக்கிறது. காங்கிரஸ் பிறந்தது 1885இல்.

பெயர் என்பது வரலாற்றுச் சான்று அல்ல, ஊர் எழுதிய குற்றப்பத்திரிகை. அதை வாசிக்கவேண்டியது அப்படித்தான். கேரளத்தில், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த காலத்தை ஒட்டிப் பரவிய வேறொரு களைக்குக் ‘கம்யூனிஸ்ட் பச்சை’ என்று பெயர். தமிழ்நாட்டில் ஏரி, குளங்களை அடைத்து நிற்கும் ஒரு செடி ‘நெய்வேலிக் காட்டாமணக்கு’, பாவம், நெய்வேலிக்காரர். தண்ணீரில் மிதந்து ஊதாப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை, கிழக்கு மாகாணத்தார் பகையில்லாமல் ‘ஆற்றுவாழை’ என்று விட்டார்கள். சிங்களத்தில் அதுவே ‘ஜபன் ஜபர’, யப்பான்காரன் தலையில் பழி. ஆனால் அதை ஒழிக்க இலங்கையில் சட்டம் போட்டது 1909இல். யப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தது 1942இல்.

பார்த்தீனியத்துக்கு எதியோப்பியாவின் கிழக்குப் பகுதியில் ‘பரம்சீசா’ என்று ஒரு பெயர் இருக்கிறது. ‘காணியைக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போ’ என்பது கருத்து. இந்தக் களை பிடித்த நிலத்தில் இனி உனக்கு வேலையில்லை என்று அர்த்தம். இத்தனை பெயருக்குள்ளும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொண்டுவந்தவனையும் சொல்லவில்லை, பூவையும் சொல்லவில்லை. விவசாயியின் நிலைமையைச் சொல்கிறது. அங்கேயும் வந்த வழியைக் கேட்டால் இரண்டு பதில்: நிவாரணத் தானியம், அல்லது 1977-78 ஒகாடன் போரில் ஓடிய இராணுவ வண்டிகளின் சில்லு. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1955இல் கண்டபோதும், உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த விமான, இயந்திரப் பாகங்களில்தான் பழி விழுந்தது. தானியமும் படையும் போன வழியெல்லாம் இந்தப் பூ பின்னால் போயிருக்கிறது.

நமக்கும் அதே இரண்டு பதில்தான். 1987 யூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய அமைதிப்படை வடக்கு கிழக்குக்கு வந்தது. அந்தப் படையின் சாப்பாட்டுக்கு இறக்கிய ஆடுகளோடு விதை வந்து, முதலில் வவுனியாவில் முளைத்தது என்பது ஒரு பாடம். இந்தியாவிலிருந்து வந்த வெங்காய விதை, மிளகாய் விதையில் கலந்து வந்தது என்பது மற்றப் பாடம். ஊர் முதலாவதைத்தான் நம்புகிறது. ஆட்டின் வயிற்றில் ஒரு விதை அழியாமல் வருவது ஆச்சரியமில்லை. மாட்டெருவிலும் இது தோட்டத்துக்கு வருகிறது. பட்டி அடைத்த காணியில் முளைப்பதைப் பார்க்கலாம்.

அப்படியானால் ஒரு கேள்வி. புனா ‘காங்கிரஸ் புல்’ என்றது. கேரளம் கட்சிப் பெயரை வைத்தது. அமைதிப்படைமேல் யாழ்ப்பாணத்துக்கு இருந்த கோபம் அவற்றைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. “இந்தியன் ஆமி கொண்டுவந்து விட்டது” என்று சொல்லாதவர் இல்லை. இருந்தும் அது வாக்கியமாகவே நின்றுவிட்டது, பெயராகவில்லை. ஏன்?

யாழ்ப்பாணத்தார் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் அல்ல. நிலக்கடலைக்கு அடிக்கிற காற்றின் பெயரைக் கொடுத்துக் ‘கச்சான்’ என்றவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ‘அனோனா’வை ‘அன்னமுன்னா’ ஆக்கி, அன்னத்தை அதற்குள் புகுத்தியவர்கள். பசன் பழத்தைத் தோடை இனத்தில் சேர்த்துக் ‘கொடித்தோடை’ என்றவர்கள். ஆனால் இவை எல்லாம் வாயில் வைக்கிற பொருள்கள்; சந்தையில் விலை கேட்கவேண்டும், பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். பெயர் இல்லாமல் காரியம் ஆகாது. பார்த்தீனியத்தை எவரும் விற்பதில்லை, கறிக்கு ஆய்வதில்லை, மாடுகூட வேறு இருந்தால் தின்னாது. தின்றால் பால் கசக்கும். தோட்டத்தில் அதற்கு ‘புல்’ என்ற பொதுப் பெயரே போதுமாக இருந்தது. புல்லுப் பிடுங்கப் போகிறவர் ஒவ்வொரு புல்லுக்கும் பெயர் சொல்லிப் பிடுங்குவதில்லை.

காலமும் இதற்கு எதிராக இருந்தது. அமைதிப்படை 1990 மார்ச்சில் கப்பல் ஏறியது. செடி பெருகிக் கண்ணில் குத்தத் தொடங்கியபோது கோபிக்க வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் போரினால் இரவோடு இரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது, புத்தூரும் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வரும்வரை தோட்டங்களில் இறைப்பும் இல்லை, புல்லுப் பிடுங்கலும் இல்லை. உழாத செம்மண்ணும் ஆளில்லாத வளவும் இந்தச் செடிக்கு எவ்வளவு விருப்பமான இடம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு களைக்கு ஊர் கூடிப் பெயர் வைக்க, ஊர் முதலில் ஊரில் இருக்கவேண்டும்.

எனவே பெயர் மேலேயிருந்து வந்தது. ஆராய்ச்சியாளர் எழுதினார்கள், திணைக்களம் படம் போட்டு ஒட்டியது, 2013இல் அமைந்த வடமாகாண சபையின் விவசாய அமைச்சு ஒழிப்பு வேலைத்திட்டம் நடத்தியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையுறை போட்டுப் பிடுங்கினார்கள். லின்னேயசின் இலத்தீன் இப்படித்தான் நேராக வெங்காயப் பாத்திக்குள் இறங்கியது. ஊர் தன் பங்குக்கு ஒரு ரகரத்தை மட்டும் எடுத்துவிட்டது.

ஆனால் கொடுக்கப்படாத அந்தக் குற்றப்பெயர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. ஈழத்து எழுத்தாளர் தமிழ்நதி, இயக்கங்களும் அமைதிப்படையும் நிறைந்த அந்தக் காலத்தை நாவலாக எழுதி, 2016இல் ‘பார்த்தீனியம்’ என்று தலைப்பிட்டார். மற்ற ஊர்களில் அரசியலின் பெயரைச் செடிக்கு வைத்தார்கள். இங்கே செடியின் பெயரை ஒரு காலத்துக்கு வைத்தாயிற்று. தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது. இலத்தீன் ஈறு நம்மிடம் வந்து ‘இயம்’ ஆகிறது. சோடியம், கல்சியம் எல்லாம் அந்த வழி. அதே ‘இயம்’தான் தேசியம், மார்க்சியம், பெண்ணியம் என்று கொள்கைகளுக்கும் வால். தலைப்பை மட்டும் பார்ப்பவர், அது களையா கொள்கையா என்று ஒரு கணம் தயங்குவார். வேறு எந்த மொழியில் மொழிபெயர்த்தாலும் அந்தத் தயக்கம் கிடைக்காது.

பிடுங்குகிறவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடக்கூடாது. செடியில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. பெயர் மறுபடியும் அதே கன்னிதான், வேலை நேர்மாறு. பலருக்குத் தோலில் பட்டால் சொறியும் கொப்புளமும் வரும். பூந்தூள் சிலருக்கு மூச்சை இழுக்கும். ஒருமுறை பட்டபோது ஒன்றும் செய்யாதது, பழகப் பழகத் தாக்கும். அதே பொருள் பக்கத்துப் பயிரையும் முளைக்கவிடாமல் அமுக்கும். நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் பருவத்தில், ஈர மண்ணில், வேரோடு, கையுறை போட்டுப் பிடுங்கவேண்டும். பூத்தபிறகு பிடுங்கி வேலியோரம் எறிந்தால் விதைத்ததாக முடியும். கொத்தில் ஒரு கிளையை முறித்துச் சாமிப்படத்துக்கு வைப்பதும் அப்படித்தான்.

1936இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் இந்தச் சொல் இல்லை, இருக்கவும் முடியாது. இனி ஈழத்து வழக்குக்கென்று அகராதி தொகுப்பவர் யாராவது இருந்தால், ‘பார்த்தீனியம் என்பதன் பிழை வடிவம்’ என்று பாத்தீனியத்தைத் தள்ளிவிடவேண்டாம் என்பது என் கட்சி. அது தனித் தலைச்சொல்லாக நிற்கத் தகுந்தது. பதிவு இப்படி இருக்கலாம்:

பாத்தீனியம், பெயர்ச்சொல், யாழ்ப்பாண வழக்கு. 1. வெட்டிய இலையும் ஐந்து மூலை வெண்பூவும் உள்ள ஒரு களை. 1987க்குப் பின் பரவியது. கிரேக்கம் பார்தெனோஸ், இலத்தீன் வழியாக. ‘பாத்தி’ என்ற சொல்லின் சாயல் ஏறியது. 2. அழைக்காமல் வந்து போகமறுப்பது.

இரண்டாவது பொருளை இன்னும் எவரும் பேச்சில் எடுத்து ஆளக் கேட்கவில்லை. வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.